வில் இல்லாத கத்தி: ஒப்பினெல் 6, இரண்டு வருடம் பாக்கெட்டில் வைத்திருந்த பிறகு

ஒப்பினெல் என்பது பிரான்சின் மரப்பிடி மடக்குக் கத்தி, அளவுக்கு ஒரு எண் போட்டு வரும். அதில் நான் முதலில் வாங்கியது 8ஆம் எண். எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள், லியோனில் நான் போன இரும்புச் சாமான் கடைக்காரரும் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டினார், நானும் யோசிக்காமல் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அலகு 8.5 செ.மீ., மடக்கினால் மொத்தம் 11 செ.மீ. எடை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் பிடி உருண்டை, ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டால் தொடையோடு ஒரு தடித்த மெழுகுவர்த்தியைக் கட்டிக்கொண்டது மாதிரி இருக்கும், உட்கார்ந்தால் குத்தும். இரண்டே வாரத்தில் பாக்கெட்டிலிருந்து முதுகுப்பைக்குப் போனது. முதுகுப்பைக்குப் போனதும் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோனது. மறந்தது ஒருநாள் விமான நிலைய ஸ்கேனர் வரைக்கும் என்னோடு வந்துவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது. அங்கே இருந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஏற்கெனவே பாதி நிரம்பியிருந்த ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் அதைப் போட்டார்.

அதனால் தினமும் கூட வரவேண்டிய கத்தியில் நான் இப்போது முதலில் பார்ப்பது அது பாக்கெட்டிலேயே தங்குமா என்பதைத்தான். எஃகு, அழகு, பெயர் எல்லாம் அதற்கு அப்புறம்.

அடுத்து வாங்கியது 6ஆம் எண், கார்பன் எஃகு, சாதா பீச் (beech) மரப் பிடி. 15 யூரோவுக்குள் முடிந்துவிட்டது. அலகு ஏறக்குறைய 7 செ.மீ. பாக்கெட்டில் சாவியோடு கிடக்கிறது, இருப்பதே தெரிவதில்லை. கொஞ்சம் பெரிய கை உள்ளவர்கள் 7ஆம் எண்ணை எடுக்கலாம், அது 8 செ.மீ. வாக்கில். அதற்கு மேல் போனால் அது சாப்பாட்டு மேசைக்கும் பிக்னிக் கூடைக்கும் உரிய கத்தி. ரொட்டியும் சீஸும் நறுக்க 8 ரொம்ப நல்ல கத்திதான், அதை நான் குறை சொல்லவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் பெரியவர்கள் மடக்குக் கத்தியை வில்லுக்கத்தி என்பார்கள். தாத்தா புகையிலை நறுக்க ஒன்று இடுப்பில் செருகியிருப்பார். வில்லுவண்டியில் இருக்கிற அதே வில்தான், ஸ்பிரிங். பிடியின் முதுகில் ஒரு எஃகுப் பட்டை அழுத்திக்கொண்டே இருக்கும், அதனால் திறந்தால் டக்கென்று நிற்கும், மூடினால் டக்கென்று விழும். சுவிஸ் கத்தி, இங்கிலாந்தின் பழைய ஷெஃபீல்டு கத்தி, பிரான்சின் லாகியோல் எல்லாம் அந்த வகை. ஒப்பினெலில் வில்லே கிடையாது. மொத்தம் ஐந்தே உறுப்பு: அலகு, மரப்பிடி, ஒரு ஆணி, பிடியின் கழுத்தைக் கவ்விய ஒரு உலோகப் பட்டை, அதன்மேல் சுற்றுகிற ஒரு வளையம். அலகு ஆடாமல் இருப்பது மரத்தின் இறுக்கத்தால். திறந்தபின் வளையத்தைத் திருகினால் பூட்டிக்கொள்ளும்.

1890இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஒப்பினெல் செய்த கத்தி இது. கோடரியும் அரிவாளும் அடிக்கிற குடும்பம். 1897இல் 1 முதல் 12 வரை எண் போட்டு வரிசையாக அளவுகள் வந்தன. பிறகு 1930களில் 1ஐயும் 11ஐயும் நிறுத்திவிட்டார்கள், அதனால் இன்றைக்குக் கடையில் 11 எங்கே என்று கேட்டு நிற்காதீர்கள். பூட்டு வளையம் ஆரம்பத்தில் கிடையாது, 1955இல்தான் வந்தது. 2000இலிருந்து மடக்கிய நிலையிலும் பூட்டலாம், பாக்கெட்டில் வைப்பவனுக்கு இதுதான் பெரிய நிம்மதி. 6க்குக் கீழே உள்ள சின்ன எண்களுக்கு வளையம் கிடையாது. அலகில் கிரீடத்துக்குக் கீழே ஒரு கை பொறித்திருக்கும். அந்த வட்டாரத்தில் உள்ள சாங்-ழான்-த-மோரியன் ஊரின் சின்னத்திலிருந்து வந்த கை அது, திருமுழுக்கு யோவானின் விரல்கள் அங்கே இருப்பதாக நம்பிக்கை. கிரீடம் சவோய் பிரபு வம்சத்துடையது.

சரி, வெட்டுகிறதா? வெட்டுகிறது, சொல்லப்போனால் விலை நாலு மடங்கு உள்ள பல கத்திகளைவிட நன்றாக வெட்டுகிறது. காரணம் எஃகில் ஒளிந்திருக்கும் ரகசியம் எதுவுமில்லை, அலகு மெல்லிசு, அவ்வளவுதான். ஒரு கேரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த முதுகுள்ள "வீரமான" கத்தியால் அழுத்தினால் பாதி தூரம் வெட்டும், மீதியை ஆப்பு அடித்த விறகு மாதிரி டப்பென்று பிளந்துவிடும். ஒப்பினெல் கடைசிவரைக்கும் வெட்டிக்கொண்டே இறங்கும். ஆப்பிள் சீவினால் வில்லை வில்லையாக விழும். எனக்குத் தினசரி வேலை என்று பார்த்தால் பார்சல் டேப், பழம், வாரம் ஒருமுறை ரொட்டி, மாதம் ஒருமுறை அரிசி மூட்டையின் தையல். (அந்தத் தையலைச் சரியான பக்கத்திலிருந்து இழுத்தால் முழுசாக உருவி வந்துவிடும் என்று தெரியும், எனக்கு இன்றுவரை ஒருமுறைகூட அந்தப் பக்கம் அகப்பட்டதில்லை.) இதில் எதற்கும் 7 செ.மீ. போதாமல் போகவில்லை. மெல்லிசு என்பதால் ஒன்று, நெம்பாதீர்கள். பெயின்ட் டப்பா மூடியை நெம்பினால் நுனி போய்விடும்.

இப்போது எல்லோரும் கேட்கிற கேள்வி: கார்பனா, ஸ்டெயின்லெஸ்ஸா. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். நம் வீட்டில் பழைய இரும்பு அரிவாள்மணை இருந்தவர்களுக்கு கார்பன் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. வாழைக்காய் நறுக்கினால் கறுக்கும், ஈரத்தோடு விட்டால் காலையில் செம்மண் நிறத்தில் துரு, ஆனால் கல்லில் நாலு இழு இழுத்தால் பழைய கூர் திரும்பிவிடும். அதே சமாசாரம்தான் இங்கேயும். நான் வாங்கிய முதல் வாரமே ஒரு மாங்காயைக் கீற்றுப் போட்டேன், மிளகாய்ப்பொடி உப்பு தொட்டுத் தின்று முடிப்பதற்குள் அலகு நீலமும் ஊதாவுமாக மாறிவிட்டது, மாங்காயின் ஓரத்திலும் லேசாக இரும்பு வாடை. பதறவேண்டாம். புளிப்புப் பட்டுப் பட்டு இரண்டு மூன்று மாதத்தில் அலகு முழுக்கச் சாம்பல் கறுப்பாகிவிடும், அதற்குப் பிறகு வாடையும் குறையும், துருவும் எளிதில் பிடிக்காது. வேண்டுமென்றே கடுகு விழுது தடவியும் டீயில் முக்கியும் கறுப்பாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் ருசி இல்லை, மாங்காய் செய்கிற வேலையை மாங்காயே செய்யட்டும்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், வெட்டியதும் துடைக்கிற பழக்கம் உங்களிடம் இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். கடலோர ஊரில் இருப்பவர்களும், வியர்வை ஊறும் சட்டைப் பையில் வைப்பவர்களும் அதையே வாங்குங்கள். அதில் வருவது ஸ்வீடனில் சான்ட்விக் உருவாக்கிய எஃகு, அதுவும் நன்றாகவே கூர் பிடிக்கும். கார்பனை நான் எடுத்ததற்குப் பாதிக் காரணம் அரிவாள்மணை ஞாபகம்தான்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை ஆணிப் பக்கம் நன்றாக விட்டேன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பது சென்னையில் பிறந்தவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? டிசம்பரில் கத்தி வெண்ணெய்க்குள் சிக்கியது மாதிரி நகர மறுத்தது. நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசின் மாதிரி ஆகிவிடும், அதுவும் வேண்டாம். வெட்டுப்பலகைக்குப் பூசுகிற, மணமில்லாத மினரல் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

உண்மையான தொல்லை மரத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் குடித்தால் பீச் மரம் ஊதும், ஊதினால் அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நகத்தால் இழுத்தால் நகம்தான் வரும். ஒருமுறை பாத்திரத் தொட்டியில் ராத்திரி முழுக்கக் கிடந்துவிட்டது (போட்டவர் பெயரைச் சொன்னால் எனக்குச் சாப்பாடு கிடைக்காது), இரண்டு நாள் திறக்கவே முடியவில்லை. இதற்குச் சவோய்க்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், பெயரே "சவோய் தட்டு". வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருகிவிட்டு, பிடியின் பின்நுனியை மேசை விளிம்பில் ஓங்கி ஒரு தட்டு. அலகின் நுனி தானாக வெளியே துள்ளும், பிறகு விரலால் பிடித்துத் திறக்கலாம். விரல்களை அலகு வரும் பக்கம் வைக்காமல் தட்டுங்கள். கோடையில் காற்று காய்ந்தால் இதற்கு நேர்மாறாக மூட்டு கொஞ்சம் தளரும். மரம் என்பதால் கத்திக்குக் கத்தி வித்தியாசம் இருக்கும், ஆகவே கடையில் நாலைந்தைத் திறந்து மூடிப் பார்த்து எடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் அந்த வசதி இல்லை.

கூர் தீட்ட மெல்லிய கல் போதும். அதுவும் இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பில்லாத அந்த வளையத்தில் இழுங்கள். மின்சாரச் சாணைச் சக்கரத்தில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இவ்வளவு மெல்லிய வாய் அந்தச் சூட்டில் பதம் இறங்கிவிடும்.

மற்றவற்றையும் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தேன். ஜப்பானின் மிக்கி ஊரில் செய்கிற ஹிகோனோகாமி பார்க்க அழகு, ஒரு தகட்டை மடித்துப் பிடி, அலகின் வாலில் ஒரு சின்ன நெம்புகோல், அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடிப்பதுதான் பூட்டு. தட்டையாக இருப்பதால் பாக்கெட்டில் ஒப்பினெலைவிட நன்றாக உட்காரும். ஆனால் பித்தளைப் பிடி கையில் நாற்றம் விடும், பத்து நிமிடம் தொடர்ந்து வெட்டினால் ஓரம் உள்ளங்கையில் பதியும். சுவிஸ் விக்டோரினாக்ஸின் 58 மி.மீ. குட்டிக் கத்தி நகரத்து ஆளுக்குப் போதும் என்பேன், அதில் கத்தியைவிடக் கத்தரிக்கோல்தான் அதிகம் உழைக்கிறது, வெளியே எடுத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆப்பிள் மட்டும் வெட்ட வராது. லாகியோல் என்றால் ஜாக்கிரதை. அது ஒரு ஊர்ப் பெயர், ஒரே கம்பெனியின் பெயர் அல்ல, அந்தப் பெயரைப் போட்டு எங்கெங்கிருந்தோ மலிவுச் சரக்கு வருகிறது. சுற்றுலாக் கடை ஒன்றில் நான் வாங்கியதில் வில்லின் நுனியில் இருக்கிற தேனீப் பொம்மை ஒரு மாதத்தில் கழன்றது. நல்ல லாகியோல் வாங்க நல்ல காசு வேண்டும்.

சட்டம் பற்றி இரண்டு வரி. பிரான்சில் எந்தக் கத்தியானாலும் நியாயமான காரணம் இல்லாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது. மலைக்குப் போகிறவன் பையில் இருந்தால் கதை வேறு, கால்பந்து மைதான வாசலில் இருந்தால் கதை வேறு. பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்திக்கு மட்டும்தான் காரணம் கேட்காத சலுகை, ஆகவே அளவு சரியாக இருந்தும் 6ஆம் எண் அங்கே வளையத்தால் மாட்டிக்கொள்ளும். இந்தியாவில் ஆயுத விதிகள் பேசுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைப் பற்றி. அதற்காக மால் வாசலில் நின்று காவலாளியிடம் விதி எண் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது, என்னைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளுங்கள்.

லண்டனில் இருக்கும் அத்தை மகன் போன கோடையில் வந்தபோது என் கத்தியை விட்டு விலகவே இல்லை. "எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க அத்தான்" என்றான். வளையம் இல்லாத 5ஆம் எண்ணை வாங்கினேன், அலகு 6 செ.மீ.தான், அவன் ஆப்பிளுக்கு அது போதும். கத்தியைக் கையில் நேராகக் கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்ந்தவன் நான், மேசைமேல் வைத்து எடுத்துக்கொள் என்றேன். கூட வந்திருந்த பிரெஞ்சு நண்பர் அதோடு விடவில்லை. கத்தியைப் பரிசாக வாங்கினால் பதிலுக்கு ஒரு நாணயம் தரவேண்டுமாம், இல்லையென்றால் உறவு அறுந்துவிடுமாம். அவன் பாக்கெட்டில் துழாவி ஒரு பத்து பென்ஸ் எடுத்துக் கொடுத்தான். அது இங்கே எந்தக் கடையிலும் செல்லாது, சாவி வைக்கிற கிண்ணத்தில் 6ஆம் எண்ணுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.