பீகாக் அங்கவடி: குழந்தைகளுக்கு இதைத்தான் மாட்ட வேண்டும்

குதிரையிலிருந்து விழுவதைவிடக் கொடியது, விழும்போது ஒரு கால் அங்கவடியில், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால் வைக்கும் ஸ்டிரப்பில், சிக்கிக்கொள்வது. விலாப்பக்கம் ஏதோ தொங்குகிறது என்று உணரும் குதிரை அதிலிருந்து தப்பத்தான் ஓடும். ஓட ஓட ஆள் இழுபடுவார். இழுபட இழுபட அது இன்னும் மிரளும். பீகாக் அங்கவடி இந்த ஒரு ஆபத்துக்காகவே செய்யப்பட்டது.

சாதாரண அங்கவடியில் இரண்டு பக்கமும் இரும்பு. இதில் உள்பக்கம் மட்டும்தான் இரும்பு. வெளிப்பக்கம் தடித்த ரப்பர் வளையம். வளையத்தின் மேல்முனை ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும், கீழ்முனையைச் சின்னத் தோல் பட்டை பிடித்திருக்கும். விழும்போது கால் வெளிப்பக்கமாக அழுத்தினால் வளையம் கொக்கியிலிருந்து கழன்று கால் விடுபடும். தோல் பட்டை இருப்பதால் வளையம் மண்ணில் விழுந்து தொலையாது. வேறு நுட்பம் எதுவும் இல்லை. எளிமைதான் இதன் பலம்.

ஆனால் சரியாக மாட்டினால்தான் வேலை செய்யும். ரப்பர் எப்போதும் குதிரையின் உடம்புக்கு எதிர்ப்பக்கம், அதாவது வெளியே இருக்க வேண்டும். அங்கவடி தொங்கும் தோல் வார்களைக் கழற்றித் துடைத்துவிட்டு இடம் வலம் மாற்றிக் கோத்துவிடுவது லாயங்களில் அடிக்கடி நடக்கும் பிழை. அப்படிச் செய்தால் ரப்பர் உள்பக்கம் போய்விடும். கால் சிக்கினால் கழலாது, கொக்கியும் குதிரையின் விலாவில் உரசும். குதிரையைப் பராமரிக்கும் சைஸ் (குதிரைக்காரர்) மாட்டிக் கொடுத்தாலும் ஏறுபவர் தாமே ஒருமுறை பார்க்க வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏறும்போது கால் பட்டே வளையம் கழன்றுவிடுவது உண்டு.

ரப்பர்தான் இதன் பலவீனம். வெயிலில் கிடந்தால் இறுகி வெடிக்கும். சேணத் தோலுக்குப் பூசும் எண்ணெய் பட்டால் ஊதித் தளர்ந்து, வெறுமனே கால் வைத்தாலே கழலும். வளையத்தை இழுத்துப் பார்க்கும்போது மேற்பரப்பில் சின்னக் கீறல்கள் தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். வளையம் இல்லை என்று சணல் கயிறோ சைக்கிள் ட்யூபோ வைத்து முடிச்சுப் போடுவதை எந்தப் பயிற்சியாளரும் அனுமதிக்கக் கூடாது. முடிச்சு அவிழாது, பிறகு இந்த அங்கவடிக்கு அர்த்தமே இல்லை. வளையமே இல்லாமல் விடுவதும் தப்பு. குதிரை தலையைத் திருப்பும்போது திறந்த கொக்கியில் கடிவாளம் மாட்டிக்கொள்ளும்.

அளவில் கவனம் தேவை. பூட்ஸின் அகலமான இடத்தை அளந்து, அதோடு 2.5 செ.மீ. கூட்டுங்கள், அங்கவடியின் உள்ளகலம் அவ்வளவு இருந்தால் போதும். குறைந்தால் கால் இறுகும். பெரியவர்களுடையதைக் குழந்தைக்கு மாட்டினால் பாதமே முழுசாக உள்ளே நுழைந்துவிடும், அதை எந்த ரப்பரும் காப்பாற்றாது. இதனால்தான் நல்ல லாயங்களில் குதிகால் இல்லாத கேன்வாஸ் ஷூவுக்கு அனுமதி இல்லை. குதிகால்தான் பாதம் முன்னால் வழுக்காமல் தடுக்கும். பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில் இருக்கட்டும். இறங்கும்போது இரண்டு கால்களையும் வெளியே எடுத்த பிறகே காலைச் சுழற்றி இறங்க வேண்டும்.

எடை கூடிய பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஒரு பக்கம்தான் இரும்பு என்பதால், தரையில் நின்றபடி முழு எடையையும் இடது அங்கவடியில் போட்டு ஏறினால் காலப்போக்கில் அது வளையும். வளைந்த அங்கவடியில் வளையத்தின் இழுவிசை மாறிவிடும். ஏறுவதற்கு மேடை வைத்துக்கொண்டால் ஆயுள் கூடும். பெரியவர்களுக்கு வெளிப்பக்க இரும்பு முன்னோக்கி வளைந்த வகையோ, கீல் வைத்துத் திறக்கும் வகையோ பொருத்தம். உலோகத்தில் துருப்பிடிக்காத எஃகையே தேர்ந்தெடுங்கள். முலாம் பூசியது சீக்கிரம் உரிந்து துருவேறும்.

இன்னொன்று, இது சேணத்தைச் சேர்ந்தது. அங்கவடி வார் தொங்கும் கம்பியின் நுனியில் ஒரு சின்னத் தடுப்பு இருக்கும். கான்பூர் சேணமானாலும் வெளிநாட்டுச் சேணமானாலும், சவாரியின்போது அந்தத் தடுப்பு கீழே திறந்தே இருக்க வேண்டும். ரப்பர் கழலாமல் போனாலும் வார் முழுவதுமே பின்னோக்கி உருவிக்கொண்டு வர அதுதான் வழி. பீகாக் வாங்கும் அன்றே உதிரி வளையங்களும் தோல் பட்டைகளும் இரண்டு ஜோடி சேர்த்து வாங்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.