கேசட்டா, வி.சி.டி.யா? காட்பாடி வாடகைக் கடை நினைவுகள்

காட்பாடியில் எங்கள் தெருமுனைக் கடையில் முதலில் வி.எச்.எஸ். எனும் வீடியோ நாடா கேசட்டுகளையும் பின்னர் வி.சி.டி. எனும் வீடியோ குறுந்தட்டுகளையும் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். மூன்று மணி நேரம் ஓடும் ஒரே கேசட்டில் முழுத் தமிழ்ப் படமும் அடங்கிவிடும்; ஆனால் பார்த்து முடித்ததும் நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றித் தர வேண்டும், இடையில் மின்சாரம் போய்விட்டால் கேசட், அதை ஓட்டும் கருவியான டெக்குக்குள்ளேயே சிக்கிக்கொள்ள, வாடகை மட்டும் (கடைக்காரர் இரங்கியதே இல்லை) மறுநாளுக்கும் ஏறும். வி.சி.டி.யில் சுற்றும் வேலை இல்லை, விரும்பிய பாட்டுக்கு உடனே தாவலாம். எனினும் ஒரு தட்டில் சுமார் 74 நிமிடமே கொள்ளும் என்பதால், இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் படத்துக்கு மூன்றாவது தட்டும் தேவைப்பட்டது. கீறல் விழுந்த அந்தக் கடைசித் தட்டில் இறுதிச் சண்டை சதுரஞ்சதுரமாக உறைந்து நின்றபோதெல்லாம், திரையில் கோடுகள் விழுந்தாலும் நிற்காமல் ஓடிய பழைய நாடாவே எனக்கு மேலாகத் தோன்றியது.