இலையுதிர்காலமா, குளிர்காலமா: டர்பன் வாசகர் வட்டத்துக்கு எந்த நாவல்?

ஸ்காட்லாந்து எழுத்தாளர் அலி ஸ்மித் பருவங்களின் பெயரில் எழுதிய நான்கு நாவல்களுள் ‘ஆட்டமன்’ (Autumn, இலையுதிர்காலம்) 2016இலும் ‘வின்டர்’ (Winter, குளிர்காலம்) 2017இலும் வெளிவந்தன. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மிகுந்த எங்கள் டர்பன் வாசகர் வட்டத்துக்கு இவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, நான் ‘வின்ட’ரையே எடுத்தேன். இரண்டும் பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பிந்திய இங்கிலாந்தைப் பற்றியவை. எதையும் தனியாகவே வாசிக்கலாம்.

‘ஆட்டமன்’ 2017இல் புக்கர் குறும்பட்டியலில் இடம்பெற்றது. 101 வயது டேனியலுக்கும், சிறுமியாக இருந்தபோது அவருடைய பக்கத்து வீட்டில் வளர்ந்த எலிசபெத்துக்கும் உள்ள நட்பே அதன் உயிர். கடவுச்சீட்டுப் படத்தில் தலையின் அளவு சரியில்லை என்று அஞ்சலகத்தில் அவளைத் திருப்பியனுப்பும் காட்சியை, அடையாள ஆவணத்துக்காக வரிசையில் நின்ற எவரும் சிரிக்காமல் வாசிக்க முடியாது. ஆனால் இங்கே அந்நியர் வீட்டுக்கு வெளியிலேயே உறவாகிவிடுகிறார். தாய் அந்த நட்பை ஐயத்தோடு பார்த்தாலும், குடும்பம் தன் சண்டையை அவர் முன்னால் போட நேர்வதில்லை.

என் தெரிவைத் தீர்மானித்தது இந்த வேறுபாடுதான். ‘வின்ட’ரில் அந்நியர் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிடுகிறார். காதலியோடு பிணங்கிவிட்ட ஆர்ட், கிறிஸ்துமஸுக்குத் தாயின் முன் அவளாக நடிக்க, பேருந்து நிறுத்தத்தில் கண்ட லக்ஸ் என்ற குரோவேஷியப் பெண்ணுக்கு 1,000 பவுண்டு தருவதாகப் பேசி கார்ன்வாலுக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே வீட்டில் உணவே இல்லை என்று கண்டு, தாய் சோஃபியாவோடு பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத பெரியம்மா ஐரிஸை வரவழைக்கச் செய்பவளும் லக்ஸ்தான். வணிகத்தில் ஊறிய தங்கையும் போராட்டமே வாழ்வான அக்காவும் மோதும்போது, யார் பக்கமும் சாயக் கடமைப்படாத அவள் இருப்பதாலேயே இருவரும் பேச வேண்டியதாகிறது.

ஐரிஸ், இங்கிலாந்தின் கிரீனம் காமன் விமானப்படைத் தளத்தில் அணு ஏவுகணைகளை எதிர்த்த பெண்களுள் ஒருத்தி. 1981இல் கார்டிஃபிலிருந்து அங்கே நடந்தே போன அந்தப் பெண்களைப் பற்றி வாசித்ததும், 1913இல் எங்கள் தென்னாப்பிரிக்காவின் நியூகாசில் நகரில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்த தமிழ்ப் பெண்களை நோக்கி எங்கள் பேச்சு தானாகவே திரும்பியது. அவரவர் வீட்டில் யார் போராடப் போனார்கள், யார் கடையைத் திறந்து வைத்தார்கள் என்று விவாதம் நீண்டது. வியர்த்து வழியும் டிசம்பரில் பனிக்காலக் கதை ஒட்டுமா என்று கேட்டவரும் அதில் கலந்துகொண்டார். விடுமுறைக்குக் கூடிய உறவினர் அரசியலில் முட்டிக்கொள்ளப் பருவமா வேண்டும்?

இளையோர் எங்கள் வட்டத்தில் மிகக் குறைவு என்பதால், அவர்களுக்கும் இதையே பரிந்துரைக்க என் அனுபவம் போதாது. ஓவியத்தில் ஈடுபாடு உடையோருக்குப் பாப் கலை ஓவியர் பாலின் போட்டி (Pauline Boty) என்பவரைப் பற்றிப் பேசும் ‘ஆட்டமன்’ கூடுதலாகப் பிடிக்கக்கூடும். ‘வின்ட’ரை எடுப்போர், உடலற்ற ஒரு தலை சோஃபியாவின் முன் மிதந்து திரியும் தொடக்கப் பக்கங்களைக் கண்டு புத்தகத்தை மூடிவிடாமல், லக்ஸ் வரும்வரை பொறுத்திருப்பது நல்லது.