பில் போடும் கணினிக்கு விண்டோஸ் 11: மாத அப்டேட்டை எப்போது விடலாம், எங்கே இடிக்கும்?

விண்டோஸ் 11 நல்ல சிஸ்டம்தான். கடைக்குத் தாராளமாக வாங்கலாம், பழைய 10-லிருந்து மாறவும் மாறலாம். ஆனால் மாதாமாதம் வருகிற அப்டேட்டை அதன் போக்கில் விட்டால் மதுரை கீழமாசி வீதி மொத்தக்கடையானாலும் ஒத்தக்கடை இ-சேவை மையமானாலும் ஒரு நாள் வியாபாரம் போகும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு" என்று யாராவது சொன்னால் முதலில் திறந்து பார்க்க வேண்டியது அப்டேட் ஹிஸ்டரி.

மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட்டை வெளியிடுவது ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய். அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. புதன்கிழமை காலை கடை திறந்து கணினியைப் போட்டதும் பின்னால் டவுன்லோடு ஓடும். கூட்டம் நிற்கிற நேரத்தில் ரீஸ்டார்ட் கேட்கும். இதற்கு வழி சுலபம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய், 'கெட் த லேட்டஸ்ட் அப்டேட்ஸ்' என்று தொடங்கும் பொத்தானை ஆஃப் செய்யுங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஆக்டிவ் ஹவர்ஸைக் கடை நேரத்துக்கு வையுங்கள், 18 மணி நேரம் வரை வைக்கலாம். பிறகு இரண்டாம் செவ்வாய்க்கு முன்பே 'பாஸ்' (Pause, நிறுத்திவை) போட்டு ஒரு வாரம் தள்ளிவிடுங்கள். 5 வாரம் வரை தள்ள இடம் உண்டு, ஆனால் ஒரு வாரம் போதும்.

ஏன் ஒரு வாரம்? 2025 அக்டோபர் 14 அன்று வந்த கேபி5066835 அப்டேட்டைப் பாருங்கள். அதைப் போட்ட கணினிகளில் ரிக்கவரி திரைக்குள் போனால் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. பழுது பார்க்க வேண்டிய இடத்திலேயே கை கட்டிப்போன நிலை. திருத்தம் கேபி5070773 ஆக அக்டோபர் 20 அன்று வந்துவிட்டது. மோசமான கோளாறுகளுக்கு அவசரத் திருத்தம் பெரும்பாலும் அந்த முதல் வாரத்துக்குள் வந்துவிடும். பில் மட்டும் போடுகிற கணினி அதுவரை காத்திருக்கலாம். நெட் பேங்கிங், மெயில் திறக்கிற கணினிக்கு இவ்வளவு தாமதம் கூடாது. இரண்டு மூன்று நாளில் போட்டுவிடுங்கள்.

அப்டேட்டே வேண்டாம் என்று சர்வீஸை முடக்கிவிடும் ஆட்கள் நம் ஊரில் நிறைய. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வானாக்ரை ரான்சம்வேர் நுழைந்த ஓட்டைக்கு, மார்ச் மாதமே மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்திருந்தது. மாட்டியவை பேட்ச் போடாத கணினிகள். இன்னொன்றும் இருக்கிறது. கணினி தொடங்கும்போதே தவறான மென்பொருள் நுழையாமல் தடுப்பது செக்யூர் பூட். அதற்கு 2011-இல் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகின்றன, புதிய சான்றிதழ்கள் அப்டேட் வழியாகத்தான் வருகின்றன. அப்டேட்டை முடக்கிய கணினி பூட் ஆகும், ஆனால் பூட் மட்டத்துப் பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குக் கிடைக்காது.

திருட்டு விண்டோஸ் போட்டு, ஆக்டிவேட்டரை ஓட்டிக் கொடுத்த கணினி என்றால் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே முழு சி டிரைவோ தெரியாத ஃபோல்டரோ சேர்க்கப்பட்டிருந்தால், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. எந்த அப்டேட்டும் அதைச் சரிசெய்யாது. டேட்டாவை எடுத்துவிட்டு, ஒரிஜினல் லைசென்ஸோடு புதிதாகப் போடுவதுதான் வழி.

மாறலாமா என்பதற்கு அளவுகோல் இதுதான்: பெரும்பாலும் இன்டெல் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டி ரைசன் 2000 வரிசை அல்லது அவற்றுக்குப் பிந்தைய சிப், டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு சிப்), செக்யூர் பூட், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். இது காகிதக் கணக்கு. டேலியும் பிரவுசரும் சேர்ந்து ஓட 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இல்லாமல் 11-ஐப் போடாதீர்கள். ஹார்டு டிஸ்க்கில் அப்டேட் நாளன்று டிஸ்க் நூறு சதவீதத்தில் உட்கார்ந்துகொள்ளும். நான்காம் தலைமுறை ஐ3 கணினிகளில் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றித் தருகிறார்கள். அதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஆண்டு வெர்ஷன் மாறும்போது திரும்பவும் கையால் ஏற்ற வேண்டும். பில் கணினிக்கு இது ஆகாது.

விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 22எச்2 வெர்ஷனில் இருந்தால் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் காசு இல்லை, இல்லாவிட்டால் 30 டாலர் கணக்கில் கட்டணம். டொமைனில் சேர்த்த ஆபீஸ் கணினிக்கு இந்தத் திட்டம் கிடையாது.

எனக்கு அதிகம் கவலை தருவது பிட்லாக்கர் என்ற டிரைவ் பூட்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2 வெர்ஷனைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் எடிஷனில்கூட டிரைவ் தானாகப் பூட்டப்படுகிறது. லேப்டாப் திருடு போனால் டேட்டா பத்திரம். ஆனால் ஒரு அப்டேட்டோ பயாஸ் மாற்றமோ வந்தபின் நீலத் திரை ஒன்று எழுந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கும். ஆறு ஆறாக எட்டுக் கட்டம். அந்தச் சாவி கையில் இல்லையென்றால் டவுன்ஹால் ரோட்டில் எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் டேட்டாவை மீட்க முடியாது. 2024 ஜூலை அப்டேட்டில் இது நடந்தது. 2025 மே மாதம் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5058379-இலும் நடந்தது. இரண்டாவதில் சிக்கியவை 10-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் வி-ப்ரோ (vPro) சிப் உள்ள கணினிகள். கம்பெனிகளில் ஓடிவிட்டு செகண்ட் ஹேண்டாக வருகிற லேப்டாப்களில் இந்த வகை சகஜம்.

நம் ஊர் வழக்கத்தில் இதற்குள் இன்னொரு ஆபத்து. அவசரத்துக்கு சர்வீஸ்காரர் தன் சொந்த மெயிலைப் போட்டு விண்டோஸை செட்டப் செய்து தருவார். சாவி அவர் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வருஷம் கழித்து அவர் நம்பரே மாறியிருக்கும். ஆகவே கணினியை வாங்கிய அன்றே உங்கள் மெயிலில் நுழைந்து, கணக்கின் 'டிவைசஸ்' பகுதியில் ரிக்கவரி சாவியைப் பாருங்கள். திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்தும் அங்கே இருப்பதும் பொருந்த வேண்டும். பேப்பரில் எடுத்துக் கல்லாப் பெட்டியில் அல்ல, வீட்டில் வையுங்கள்.

அடுத்தது பிரிண்டர். 2025 ஜனவரி கடைசியில் வந்த பிரிவியூ அப்டேட்டுக்குப் பிறகு சில யூஎஸ்பி பிரிண்டர்கள் தானாகவே தாள் தாளாக 'போஸ்ட் ஐபிபி பிரிண்ட்' என்று தொடங்கும் வரிகளைக் கக்கின. வைரஸ் என்று பயந்து ஃபார்மட் போட்டால் அது வீண் வேலை. யூஎஸ்பி பிரிண்ட், ஐபிபி (நெட்வொர்க் வழி அச்சிடும் முறை) இரண்டையும் பேசுகிற பிரிண்டரில் விண்டோஸ் கட்டளையையே அச்சிட அனுப்பியதால் வந்த கோளாறு அது, மார்ச் மாதம் திருத்தப்பட்டது. மாதக் கடைசியில் வருகிற பிரிவியூ அப்டேட்டைக் கடைக் கணினியில் போடவே கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கடைக்குள் ஷேரிங் வைத்திருப்பவர்களுக்கு 24எச்2 ப்ரோ எடிஷன் இடிக்கும். பாஸ்வேர்டு இல்லாமல் 'எவ்ரிஒன்' என்று திறந்துவிட்ட ஃபோல்டரும், ரவுட்டரில் செருகிய பென்டிரைவும் அதில் திறக்காது. கெஸ்ட் நுழைவை மூடிவிட்டார்கள், ஃபோல்டர் ஷேரிங் ஓடும் எஸ்எம்பி முறையில் ஒவ்வொரு செய்திக்கும் டிஜிட்டல் கையெழுத்து கேட்கும் 'சைனிங்'கைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். பழைய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஃபோல்டருக்கு ஸ்கேன் போடுவதும் இதனால் நிற்கும். இணையத்தில் கிடைக்கிற வீடியோக்கள் அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐத் திரும்ப ஆன் செய்யச் சொல்லும். செய்யாதீர்கள், வானாக்ரை வந்த வாசல் அது. ஷேர் தருகிற கணினியில் தனி யூசர் ஒன்றைப் பாஸ்வேர்டோடு உருவாக்கி, மற்றக் கணினிகளின் கிரெடென்ஷியல் மேனேஜரில் அதைச் சேமித்தால் வேலை முடிந்தது. ஸ்கேனுக்குப் பென்டிரைவோ மெயிலோ போதும். பிரிண்டரில் லேன் போர்ட் இருந்தால் ஷேரிங்கே வேண்டாம், ஐபி முகவரி கொடுத்து ஒவ்வொரு கணினியிலும் நேராகச் சேர்த்துவிடுங்கள். டாட் மேட்ரிக்ஸ் வைத்திருப்பவர்கள் டிரைவர் ஃபைலைப் பென்டிரைவில் தனியாக வைத்திருங்கள்.

ஆடிட்டர் ஆபீஸ், டெண்டர் போடும் கான்ட்ராக்டர் இருவருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் உயிர். 2025 அக்டோபர் அப்டேட்டுக்குப் பின் 32-பிட் மென்பொருள்களில் ஸ்மார்ட் கார்டு வகைச் சான்றிதழ்கள் தெரியாமல் போயின, கையெழுத்துப் போட முடியவில்லை. ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க, சான்றிதழைக் கையாளும் முறையையே மாற்றியதால் வந்த வினை. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றும் தற்காலிக வழியை மைக்ரோசாஃப்ட்டே தந்தது, ஆனால் அது நிலைக்காது. டோக்கன் கம்பெனியின் புதிய டிரைவரைப் போடுவதே சரி. கெடு நாளுக்கு முந்தைய இரண்டு நாளில் எந்த அப்டேட்டும் வேண்டாம். கைரேகைக் கருவி நின்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'கோர் ஐசொலேஷன்' பகுதியைப் பாருங்கள். பழைய டிரைவரை அது தடுத்திருந்தால் பெயரோடு காட்டும். தடுப்பை எடுத்துவிட்டு வேலையை ஓட்டாதீர்கள், டிரைவரை மாற்றுங்கள்.

டிடிபி கடைக்காரர்கள் புதிதாகப் போட்ட விண்டோஸில் பழைய கல்யாணப் பத்திரிகை ஃபைலைத் திறந்ததும் வரி உடைந்து தெரியும். லதா, விஜயா எழுத்துருக்கள் இப்போது ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்ற பெயரில் தனியாக இருக்கின்றன, அங்கிருந்து ஏற்றிக்கொள்ளலாம். பாமினி போன்றவற்றை ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். சாதாரணமாக ஏற்றினால் அந்த யூசருக்கு மட்டும் பதியும், பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருளுக்குத் தெரியாமல் போகலாம். டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ பில்லிங் ஓட்டுபவர்கள் 11-க்கு வராதீர்கள். அதில் 32-பிட் பதிப்பே இல்லை, 16-பிட் நிரல் ஓடாது.

பெரிய வெர்ஷன் அப்டேட்டுக்குப் பல ஜிபி டேட்டா போகலாம், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆரம்பிக்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளிலும் வேண்டாம். 600 விஏ யூபிஎஸ் தாங்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது முடியாது. டேலி டேட்டா ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வைத்த பிறகே தொடங்குங்கள். ஃபார்மட் என்று முடிவானால் டேலி லைசென்ஸை முதலில் சரண்டர் செய்யுங்கள். வெர்ஷன் பிடிக்கவில்லையென்றால் ரிக்கவரியில் 'கோ பேக்' 10 நாள்தான் இருக்கும். மாத அப்டேட் என்றால் அப்டேட் ஹிஸ்டரிக்குள் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'.

போலி அப்டேட்டைப் பற்றிக் கல்லாவில் உட்காருபவருக்கும் சொல்லிவையுங்கள். பிரவுசர் முழுத்திரையில் விண்டோஸ் அப்டேட் போலவே நீலமாக ஓடும். பிறகு விண்டோஸ் கீயும் ஆரும், கன்ட்ரோல் வி, எண்டர் என்று அழுத்தச் சொல்லும். அழுத்தினால் நீங்களே வைரஸை ஓட்டிவிட்டீர்கள். உண்மையான அப்டேட் ஒருநாளும் கட்டளையை ஒட்டச் சொல்லாது, உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. எஃப்11 அல்லது ஆல்ட் எஃப்4 அழுத்தி வெளியே வாருங்கள். யாராவது அழுத்திவிட்டார்கள் என்றால் உடனே நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், வேறொரு கணினியிலிருந்து வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லிவிட்டு அதே மணி நேரத்திலேயே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.