ஐம்பது தொகுதி மாக்ஸ் முல்லர்: எதை வாங்கலாம், எதை விடலாம்

சென்னையில் ஜெர்மன் படிக்கப் போகிறவர்களுக்கு மாக்ஸ் முல்லர் ஒரு கட்டடத்தின் பெயர். ஆக்ஸ்ஃபோர்டுக்கு, சமயங்களை ஒப்பிட்டுப் படிப்பதை ஒரு பாடமாக்கிய பேராசிரியர். கிழக்கு நாடுகளின் சமய நூல்களை ஆங்கிலத்தில் தரும், அவர் பதிப்பித்த 'சேக்ரட் புக்ஸ் ஆஃப் தி ஈஸ்ட்' வரிசை 1879 முதல் 1910 வரை 50 தொகுதிகளாக வந்தது. இந்திய மறுபதிப்பாக இன்றும் முழு செட்டாகவும் தனித்தனியாகவும் கிடைக்கிறது. முழு செட் வேண்டுமா என்று கேட்டால், நூலகம் நடத்துகிறவர்களைத் தவிர யாருக்கும் வேண்டாம். ஏழெட்டுத் தொகுதி போதும். எந்த ஏழெட்டு என்பதற்கு இந்த மனிதரின் உத்தியோக வரலாறு கொஞ்சம் உதவும்.

1823இல் ஜெர்மனியின் டெஸாவில் பிறந்தார். லைப்சிக்கில் பட்டம், பாரிஸில் சமஸ்கிருத அறிஞர் பூர்னூஃபிடம் பாடம், 1846இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சுவடிகளைத் தேடி லண்டன். சாயணர் உரையோடு ரிக்வேத மூலத்தை 1849 தொடங்கி 1874 வரை ஆறு தொகுதிகளாக அச்சேற்றினார். இதற்கிடையே 1860இல் ஆக்ஸ்ஃபோர்டின் சமஸ்கிருதப் பேராசிரியர் பதவிக்கு நடந்த வாக்கெடுப்பில் மோனியர் வில்லியம்ஸிடம் 833க்கு 610 என்று தோற்றார். 1868இல் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியர் ஆனார். 1875 கடைசியில் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். பல்கலைக்கழகம் விடவில்லை: பாடம் எடுக்க வேறு ஆள், பாதிச் சம்பளம் அந்த ஆளுக்கு, மீதிப் பாதியை வாங்கிக்கொண்டு நீங்கள் பதிப்பு வேலையைப் பாருங்கள் என்றது. அந்த ஏற்பாட்டில் விளைந்ததுதான் இந்த வரிசை. அவர் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. சமயம் என்றால் பழைய நூல் என்ற பார்வை 50 தொகுதியிலும் தெரியும். கோயில், திருவிழா எதுவும் உள்ளே நுழையவில்லை.

வாங்கியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் எழுத்துப்பெயர்ப்பு. இன்று ஆங்கிலத்தில் ஜே போடும் இடத்தில் இதில் சாய்ந்த ஜி; சி அல்லது சிஹெச் போடும் இடத்தில் சாய்ந்த கே. அதனால் ஜைனம் ஜி எழுத்தில் தொடங்கும், சாந்தோக்யம் கே எழுத்தில் தொடங்கும். சாய்வெழுத்தில் வரும் டி, என் முறையே நம் ட, ண. ஒவ்வொரு தொகுதியின் கடைசியிலும் இதற்கான அட்டவணை உண்டு. அதை நகலெடுத்துப் புத்தகத்துக்குள் செருகி வைத்துக்கொள்ளுங்கள். ஒளிப்பட முறை மறுபதிப்பில் அச்சு மங்கியிருந்தால் சாய்ந்த எழுத்தும் நேர் எழுத்தும் ஒன்றாகிவிடும், பிறகு ககரமா சகரமா என்று ஊகம்தான். கடையில் வாங்கும்போது நடுவில் நாலு பக்கம் புரட்டி இதைப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தட்டச்சுப் பிரதிகளிலும் இதே தொல்லை: சாய்வு போய்விட்டால் யாஜ்ஞவல்க்யரை ஜே போட்டுத் தேடினால் ஒன்றும் வராது, ஜி போட்டுத் தேட வேண்டும்.

உபநிடதங்கள் 1, 15ஆம் தொகுதிகள், மொழிபெயர்ப்பும் அவரே. மாண்டூக்யம் இரண்டிலும் இல்லை! மாண்டூக்யத்துக்குக் காரிகை எழுதிய கௌடபாதரைப் படிக்க நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். விக்டோரியா காலத்து வாசகருக்கு ஆகாது என்று கருதிய இடங்களை அவர் ஆங்கிலமாக்கவும் இல்லை. ஆனால் முதல் தொகுதியின் முன்னுரையைத் தவறவிடக் கூடாது. ஆத்மாவுக்கு ஏன் 'செல்ஃப்' என்ற சொல்லைப் பிடித்தார், வேறு சொற்கள் ஏன் சரிப்படவில்லை என்று பக்கம் பக்கமாக வாதாடுகிறார். மொழிபெயர்க்கிறவர்கள் இதற்காகவே முதல் தொகுதியை வாங்கலாம்.

ரிக்வேதம் முழுசாக இருக்கும் என்று நம்பி 32, 46 வாங்காதீர்கள். முன்னதில் மருத்துகள், ருத்ரன், வாயு, வாதன் ஆகிய தேவர்களுக்கான பாடல்கள். பின்னதில் ஓல்டன்பெர்க் பெயர்த்த அக்னி பாடல்கள். அவ்வளவே. அதர்வவேதமும் (42) பொறுக்கியெடுத்த பகுதிகள்தான். முழுசாக வேண்டும் என்றால் சதபத பிராமணம்: 12, 26, 41, 43, 44 என்று ஐந்து தொகுதி, எக்கெலிங் செய்தது. வேள்வி மேடைக்குச் செங்கல் அடுக்கும் முறையை அடிக்குறிப்புகளோடு தருகிறார். பொறுமை வேண்டும்.

கீதை (8) பம்பாயைச் சேர்ந்த தெலாங் செய்தது. உரைநடை, அலங்காரம் இல்லை, கூடவே மகாபாரதத்தின் வேறு இரண்டு தத்துவப் பகுதிகளான ஸநத்ஸுஜாதீயமும் அநுகீதையும் வருகின்றன. அநுகீதைக்காகவே தேடி வாங்கலாம். புத்தரின் வாழ்க்கையை அசுவகோஷர் பாடிய புத்தசரிதம் வாங்குபவர்கள் கவனிக்க: 19இல் இருப்பது சீன மொழிவழி வந்தது. 49இல் இருப்பது சமஸ்கிருதத்திலிருந்து, ஆனால் 14ஆம் சருக்கத்தின் பிற்பகுதியிலிருந்து 17 வரை அசுவகோஷர் எழுதியதல்ல, நேபாளப் பண்டிதர் அமிர்தானந்தர் எழுதிச் சேர்த்தது. மேற்கோள் காட்டும்முன் சருக்க எண்ணைப் பாருங்கள். ஜேம்ஸ் லெக் மொழிபெயர்த்த சீனத் தொகுதிகளில் 39, 40 (தாவோ நூல்கள்) போதும்.

காசு கொடுத்து வாங்கியே ஆக வேண்டிய மூன்று: 34, 38, 48. மூன்றும் தீபோ மொழிபெயர்த்த பிரம்மசூத்திர பாஷ்யங்கள், அதாவது வேதாந்தத்தின் அடிப்படைச் சூத்திரங்களுக்கான உரைகள். முதலிரண்டு சங்கரர், கடைசியது ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யம், சுமார் 800 பக்கம். 34இன் முன்னுரையில் தீபோ இரண்டு உரைகளையும் அதிகரணம் (தலைப்புப் பகுதி) அதிகரணமாக எதிரெதிரே வைக்கிறார். சூத்திரக்காரரின் கருத்துக்கு ராமானுஜரே நெருக்கம், உபநிடதங்களின் போக்குக்குச் சங்கரர் நெருக்கம் என்பது அவர் கண்ட முடிவு. இரண்டு தரப்பாரையும் ஒரே சமயத்தில் பாதி மகிழ்வித்து, பாதி முகம் சுளிக்க வைத்த முடிவு! 48 வெளிவந்தது 1904இல். மாக்ஸ் முல்லர் 1900இலேயே இறந்துவிட்டார்.

தமிழிலிருந்து ஒரு தொகுதியும் இல்லை. திருமுறையும் இல்லை, திவ்யப் பிரபந்தமும் இல்லை. ஆள் இல்லாமல் போகவில்லை: அதே ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த ஜி.யு. போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பை அதே கிளாரண்டன் அச்சகம் 1900இல் தனி நூலாக வெளியிட்டது. வரிசையில் பைபிளும் கிடையாது. சேர்த்தால் மற்றவற்றோடு சமமாகிவிடும் என்று எதிர்ப்பு இருந்தது.

கடைசியாக ஒரு வழி. விண்டர்னிட்ஸ் தொகுத்த 50ஆம் தொகுதி வெறும் பொருளடைவு, 600 பக்கத்துக்கு மேல். பெரும்பாலோர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். முதலில் இதை மட்டும் வாங்கிவிட்டு, மற்றதை இலவச ஸ்கேனில் படிக்கலாம்: 'சிராத்தம்' என்றோ 'மழை' என்றோ பார்த்தால் எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று வந்துவிடும். ஸ்கேன் கோப்பின் பக்க எண்ணும் அச்சுப் பக்க எண்ணும் ஒன்றாக இருக்காது. முன்னுரை ரோமன் எண்களில் ஓடுவதால் முப்பது, நாற்பது பக்கம் தள்ளிப் போகும். ஒருமுறை கணக்குப் பார்த்து அட்டையில் பென்சிலால் குறித்துவிடுங்கள்.