சிரட்டையா, உமியா, பழத்தோலா: கரிப் பரலுக்கு எது ஏற்றது?

கொழும்பை அடுத்த வத்தளையில் மச்சானின் காணியில், ஒரு பரலுக்குள் இன்னொரு பரலை வைத்துக் கரி சுடும் இரட்டைப் பரல் சூளை ஒன்றை அமைத்தபோது, அதில் எதைப் போட்டுக் கரியாக்குவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. மரக்கறியும் பழமும் மொத்தமாக விற்கும் பேலியகொட மனிங் சந்தை பக்கத்தில்தான். அன்னாசித் தோல், வாழைத் தோல், அழுகிய பப்பாசி எல்லாம் கேட்டாலே தருவார்கள். சாப்பாட்டுக் கடைகளில் சம்பலுக்கும் சொதிக்கும் திருவி முடித்த சிரட்டை சேரும். உமி என்றால் பொலன்னறுவைப் பக்க ஆலைகளிலிருந்து ஏற்றிவர வேண்டும். நான் சிரட்டையைத்தான் எடுத்தேன்.

காற்றுப் படாமல் சூடேற்றிக் கரியாக்குவதைத்தான் பைரோலிசிஸ் என்கிறார்கள். எந்தத் தாவரக் கழிவும் அதில் படிப்படியாகத்தான் உடையும். முதலில் நீர் போகும். பிறகு தாவரத்தின் உடலைக் கட்டியிருக்கும் மூன்று பொருள்களான அரைச்செலுலோசு, செலுலோசு, மரத்துக்கு உறுதி தரும் இலிக்னின் ஆகியவை உடையும். ஏறத்தாழ 220 பாகை செல்சியஸில் அரைச்செலுலோசு உடையத் தொடங்கி, 315க்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். செலுலோசு 315க்கும் 400க்கும் இடையில் மளமளவென்று சரியும். இலிக்னினுக்கு அவசரமே இல்லை. 160 அளவில் தொடங்கி 900 வரை இழுத்துக்கொண்டு போகும். கரியாக மிஞ்சுவதில் அதன் பங்குதான் பெரிது. சிரட்டையின் உலர்ந்த எடையில் மூன்றில் ஒரு பங்களவு இலிக்னின், சாம்பலோ நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். அந்தக் கரி கனமாக, உடைத்தால் மினுங்கும்படி இருப்பதும், வடிகட்டிகளில் போடும் செயலூட்டிய காபன் செய்யும் தொழிற்சாலைகள் அதைத் தேடி வாங்குவதும் இதனால்தான்.

பழத்தோலில் ஜாமை இறுக வைக்கும் பெக்டினும் சீனியும் அரைச்செலுலோசும் அதிகம். ஆகவே அது 200 பாகையை அண்டியே குலையத் தொடங்கும். தோடம்பழத் தோலில் வாசம் தரும் லிமோனீன் 176 பாகையில் கொதிப்பது. அது முதலிலேயே ஆவியோடு போய்விடும். வாழைத் தோலில் பொற்றாசியம் நிறைய உண்டு. அது செலுலோசு உடையும் வெப்பநிலையைக் கீழே இறக்கி, ஆவியோடு வரும் பிசுபிசுப்பான தாரைக் குறைத்துக் கரியைக் கூட்டும். இந்த வேதியியலை மட்டும் பார்த்தால் தோலுக்கும் ஒரு இடம் உண்டு.

ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது நீர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ பச்சை வாழைத் தோலில் 88 கிலோ அளவு நீர். ஒரு கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறத்தாழ 2.5 மெகாயூல் வேண்டும். மொத்தம் 220 மெகாயூல். மிஞ்சும் 12 கிலோ உலர்பொருளை முழுவதுமாக எரித்துச் சாம்பலாக்கினாலும் கிடைப்பது 200 மெகாயூலை ஒட்டித்தான். கரி ஒரு துண்டுகூட மிஞ்சாமல் எரித்தாலும் அதன் நீரை ஓட்டவே அது போதாது. 100 கிலோ சிரட்டையில் நீர் 10 கிலோ என்று வைத்தால், அதற்கு 25 மெகாயூல் போதும். உலர்ந்த சிரட்டையில் இருப்பதோ 1,700 மெகாயூலுக்கு மேல்.

இரட்டைப் பரலில் இந்த வேறுபாடு கண்முன்னே தெரியும். உள்பரலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டும் ஐதரசனும் மீதேனும் வெளியே பற்றி எரிந்து, அந்தப் பரலையே மேலும் சூடாக்க வேண்டும். சிரட்டையில் அந்தச் சுவாலை பிடித்துவிட்டால் பிறகு விறகு வேண்டியதில்லை. ஈரத்தோல் என்றால் வருவது நீராவியும் வெள்ளைப் புகையும்தான். விறகைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், அயலவரும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். வெயிலில் காயவைக்கலாமே என்பீர்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில், கடற்காற்றின் ஈரத்தில், இங்கே தோல் காய்வதற்கு முன் புளித்து இலையான் மொய்த்துவிடும்.

உமி உலர்ந்ததுதான். ஆனால் அதன் எடையில் 15 முதல் 20 வீதம் சாம்பல், அதுவும் பெரும்பாலும் சிலிக்கா. ஒரு கன மீற்றர் உமி 100 கிலோ அளவே நிறுக்கும். லொறிக் கூலி காற்றுக்குத்தான் போகும். பரலில் அடைத்தால் வெப்பம் நடுவுக்கு இலகுவில் இறங்காது. நாற்றுமேடைக்கு உமிக்கரி நல்லது என்பதை மறுக்கவில்லை. உமியில் என் கைப்பழக்கம் குறைவு என்பதால் அதை இதற்குமேல் அலசவில்லை. மாங்கொட்டை ஓடும் அப்படித்தான்: மரத்தன்மை உள்ளதால் சிரட்டையின் பக்கம் சாயும் என்று நினைக்கிறேன், ஆனால் நான் போட்டது கொஞ்சம்தான்.

சிரட்டைக்கு எப்படியும் வாங்க ஆள் உண்டு, நகரத்தை நாறடிப்பது ஈரக்குப்பைதானே என்ற கேள்வி நியாயமானது. 2017 ஏப்ரல் 14 அன்று கொழும்புக் குப்பையைக் கொட்டிவந்த மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. ஆனால் அந்த ஈரக்குப்பைக்கு நெருப்பு பொருத்தமான வழி அல்ல. சாண எரிவாயுத் தொட்டிக்கும் கூட்டெருவுக்கும் தேவையே அந்த ஈரம்தான். வாழைத் தோலின் பொற்றாசியமும் மண்ணுக்கே திரும்பும். நான் தோலைக் கூட்டெருக் குவியலில் போட்டு, அதன்மேல் நொறுக்கிய சிரட்டைக் கரியைத் தூவுகிறேன். நாற்றம் அடங்குகிறது, கசியும் சத்தையும் கரி பிடித்துவைக்கிறது.