விழுப்புரம் சாலை டிபன்: வேர்க்கடலை ஆகாத குழந்தைக்கு எது தேறும்?

சென்னை–திருச்சி சாலையில் விழுப்புரம் வரை வரிசையாக நிற்கும் சைவ ஓட்டல்களைப் பற்றியது இது. வேர்க்கடலை, முந்திரி இரண்டும் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு அங்கே காலை டிபன் தேறும். மதியச் சாப்பாடு பாதி தேறும். ராத்திரி குருமா பக்கமே போக வேண்டாம். அரைத்த முந்திரி கண்ணுக்குத் தெரியாது.

இட்லிக்குத்தான் முதல் மார்க். அரிசி, உளுந்து, ஆவி, அவ்வளவுதான். இடியாப்பமும் சரி. பொங்கலில் முந்திரியைப் பொறுக்கிவிட்டு ஊட்டுவது வீண் வேலை. அதை வறுத்த நெய் முழுக்கக் கலந்திருக்கும். சாதா தோசையும் சந்தேகமே. முந்திரி போட்ட ரவா தோசை வார்த்த கல்லில்தான் அதுவும் வரும்.

பெரிய வில்லங்கம் சட்னி. தேங்காய்ச் சட்னியிலேயே வேர்க்கடலை சேர்த்து அரைப்பவர்கள் உண்டு. "கடலை போட்டிருக்கா?" என்று கேட்காதீர்கள். பொட்டுக்கடலையா, கடலைப்பருப்பா, எதை நினைத்துப் பதில் சொல்கிறார் என்றே தெரியாது. விழுப்புரம் பக்கம் "மல்லாட்டை" என்றால் சட்டென்று புரியும். பீகார்த் தம்பியிடம் "மூங்ஃபலி". வங்காளத்துக்காரர் பலருக்கு வேர்க்கடலையே "பாதாம்"தான், ஜாக்கிரதை! போனில் ஒரு படம் வைத்திருந்து காட்டுவது உத்தமம்.

"வேர்க்கடலை இல்லை" என்று மாஸ்டரே சொன்னாலும் சப்ளையர் கையைப் பாருங்கள். சட்னித் தூக்கில் சிவப்புக் கிண்ணத்திலிருந்து எடுத்த கரண்டி அப்படியே வெள்ளைக்குள் இறங்கும். வாளிச் சாம்பாரும் வேண்டாம். உள்ளேயிருந்து தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். பெரும்பாலும் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள்.

"செக்குக் கடலெண்ணெயில் சமைக்கிறோம்" என்று போர்டு இருந்தால் குழந்தைக்கு வடை, பூரி வேண்டாம். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் ஒவ்வாமை தரும் புரதம் அநேகமாக நீங்கிவிடும், செக்கெண்ணெயில் தங்கும்.

மேசை துடைக்கும் துணி எல்லா மேசைக்கும் ஒன்றே. உங்கள் ஈர டிஷ்யூவால் ஒரு தடவை துடையுங்கள். குழந்தையின் கைக்குச் சோப்பு; சானிடைசர் கிருமிக்குத்தான், கடலைப் புரதத்தை அகற்றாது.

10 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள ஓட்டல் என்றால், 2020 உணவு லேபிள் விதிகளின்படி ஒவ்வாமை விவரம் தர வேண்டும். அதைச் சப்ளையரிடம் கேட்டு மல்லுக்கட்டாமல் கல்லாவில் கேளுங்கள்.

கடும் ஒவ்வாமை வந்தால் போட டாக்டர் எழுதிக் கொடுத்த அவசர மருந்தான அட்ரினலினைக் காரில் விட்டு இறங்காதீர்கள். வெயிலில் மருந்து கெடும், அவசரத்துக்குச் சாவியும் கிடைக்காது. கைப்பையில், மேசை மேல்.